கணினி அறிவியல் முதுநிலைக்கு விண்ணப்பம்: ஒரு சாதி வரலாறு

"எம்.டெக். கம்ப்யூட்டர் சயின்ஸ் போடலாமா? நமக்கெல்லாம் கிடைக்குமா?"

பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கிற தம்பி தங்கைகள் எங்களிடம் கேட்கிற கேள்வி இது. மதிப்பெண் நன்றாக வைத்திருப்பவர்களும் இப்படித்தான் கேட்கிறார்கள். 'கிடைக்குமா' என்பதற்கு எங்களிடம் பதில் இருக்கிறது. 'நமக்கெல்லாம்' என்ற சொல் எங்கிருந்து வந்தது என்பதற்குத்தான் கொஞ்சம் வரலாறு பேச வேண்டியிருக்கிறது. விண்ணப்பப் படிவத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. அதில் நம்முடைய பங்கு பலரும் நினைப்பதைவிடப் பழையது.

1893இல் தொடங்குவோம். ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தில் மட்டும் நடத்தினால் போதாது, இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டுக்கொண்டிருந்த காலம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஆண்டுதான் 'பறையன்' இதழைத் தொடங்கியிருந்த இரட்டைமலை சீனிவாசன் அதை எதிர்த்தார். சென்னையில் கூட்டம் போட்டு, 3,412 பேரிடம் கையெழுத்து வாங்கி, 112 அடி நீள மனு ஒன்றை பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். பள்ளிக்கூடத்துக்குள்ளேயே விடாத ஒரு சமூகத்தில் தேர்வு மட்டும் எல்லாருக்கும் பொது என்றால், வெல்பவர்கள் யார் என்பது முன்பே முடிவாகிவிட்டது. அவர்கள் கையில் நிர்வாகமும் போய்ச் சேரும் என்பதுதான் அவருடைய கவலை. இந்தச் செயலுக்காக அவரை ஆங்கிலேயர் ஆதரவாளர் என்று சொல்லிக் கடந்துபோகிறவர்கள் இன்றும் உண்டு. அந்த 112 அடியைத் தேர்வு முறையைப் பற்றிய ஒரு விமர்சனமாகவே நாம் படிக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

அடுத்தது 1951. செண்பகம் துரைராஜன் வழக்கை எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை 14 இடங்களை இப்படிப் பிரித்திருந்தது: பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனர்களுக்கு 2, அன்று 'அரிசனர்' என்று எழுதப்பட்ட நமக்கு 2, ஆங்கிலோ இந்தியர்களுக்கும் இந்தியக் கிறித்தவர்களுக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. இதை எதிர்த்து இரண்டு பேர் வழக்குப் போட்டார்கள். ஒருவர் கிண்டி பொறியியல் கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்த சீனிவாசன். அவருக்காக உயர் நீதிமன்றத்தில் வாதாட வந்தவர் அரசமைப்புச் சட்ட வரைவுக் குழுவிலேயே இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். இன்னொருவர் மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்ட செண்பகம் துரைராஜன். அவர் அந்தக் கல்லூரிக்கு உண்மையில் விண்ணப்பிக்கவே இல்லை என்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. விசாரித்துப் பார்த்தாராம், கிடைக்காது என்று தெரிந்ததாம், அதனால் வழக்கு. அவ்வளவுதான். 1951 ஏப்ரல் 9 அன்று அரசாணை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. தமிழ்நாட்டில் எழுந்த போராட்டத்தின் விளைவாக அதே ஆண்டு முதல் சட்டத் திருத்தம் வந்து, 15(4) பிரிவு சேர்க்கப்பட்டது.

விண்ணப்பம் போடாத ஒருவருக்கு அந்த இடம் தன்னுடையது என்ற உறுதி இருந்தது. விண்ணப்பம் போடத் தகுதியான நம் பிள்ளைகளுக்கு 'நமக்கெல்லாம்' என்ற தயக்கம் இருக்கிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இப்போது கணினிக்கு வருவோம். இந்தியாவில் கணினிக் கல்வி பரவத் தொடங்கிய முக்கியமான இடம் ஐஐடி கான்பூர். அமெரிக்காவின் 9 பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 1962 முதல் 1972 வரை அந்த நிறுவனத்தை வளர்த்துக் கொடுத்தன. 1963 ஆகஸ்டில் ஐபிஎம் 1620 கணினி அங்கே வந்து இறங்கியது. வி. ராஜாராமன், எச்.என். மகாபலா போன்றவர்கள் அதில் பாடம் நடத்தினார்கள். 1971இல் கணினி அறிவியலில் எம்.டெக்., முனைவர் படிப்புகள் தனியாகத் தொடங்கின. பி.டெக். அதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது. அதாவது இந்தத் துறை அங்கே தலைகீழாக முளைத்தது. முதலில் முதுநிலை, பிறகு இளநிலை. சென்னை ஐஐடிக்கு 1973இல் ஐபிஎம் 370 வந்தபோது மகாபலாவும் இங்கே வந்தார்.

ஐஐடிகளில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு இட ஒதுக்கீடு வந்ததும் அதே 1973இல்தான்.

இந்தத் தேதிகளைச் சும்மா தற்செயல் என்று விட்டுவிட முடியாது. 1963 முதல் 1973 வரையிலான பத்தாண்டில்தான் இந்தியக் கணினி அறிவியலின் முதல் தலைமுறை உருவானது: பாடத்திட்டம் எழுதியவர்கள், பின்னாளில் துறைத் தலைவர் ஆனவர்கள், நிறுவனங்கள் தொடங்கியவர்கள், அமெரிக்காவுக்குப் போய்ப் பரிந்துரைக் கடிதம் எழுதும் இடத்தில் உட்கார்ந்தவர்கள். அந்தப் பத்தாண்டில் விண்ணப்பப் படிவத்தில் நமக்கென்று ஓர் இடம் இல்லை. 'இது இயல்பிலேயே தகுதி அடிப்படையிலான துறை, இதில் சாதி இல்லை' என்று இன்று சொல்பவர்கள் இந்தப் பத்தாண்டைச் சொல்லாமல்தான் தொடங்குகிறார்கள். மானுடவியலாளர் அஜந்தா சுப்பிரமணியன் சென்னை ஐஐடியை மையமாக வைத்து 2019இல் வெளியிட்ட 'தி காஸ்ட் ஆஃப் மெரிட்' என்ற நூல், தகுதி என்பது எப்படி மேல்சாதியின் இன்னொரு பெயராக மாறியது என்பதை விரிவாக எழுதுகிறது. சமூகவியல் மாணவர்கள் மட்டும் படிக்கிற நூலாக அது இருந்துவிடக் கூடாது. பொறியியல் மாணவர்களும் படிக்க வேண்டும்.

1973க்குப் பிறகும் கதவு தானாகத் திறந்துவிடவில்லை. 1979 முதல் 1984 வரை சென்னை ஐஐடி இயக்குநராக இருந்த பி.வி. இந்திரேசன் இட ஒதுக்கீட்டை வெளிப்படையாக எதிர்த்தவர். பிற்படுத்தப்பட்டோருக்கான 27 விழுக்காடு வந்த பிறகும் அது தொடர்பாக உச்ச நீதிமன்றம் வரை போனார். மத்திய உயர்கல்வி நிறுவனங்களில் 15, 7.5, 27 என்ற கணக்கு ஒரே சட்டமாக வந்ததே 2006ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான். 2008 ஏப்ரலில்தான் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

இந்தக் கதையில் எங்களுக்குப் பிடித்த பகுதி எம்.சி.ஏ. அதை நிறையப் பேர் 'இரண்டாந்தரம்' என்று பேசுகிறார்கள். கணினி ஆட்கள் போதவில்லை என்று 1980களின் தொடக்கத்தில் ராஜாராமன் தலைமையிலான குழு பரிந்துரைத்துப் பிறந்த படிப்பு அது. பி.இ. படிக்காதவர்களும் வரலாம் என்பதுதான் அதன் அடிப்படை. நம் ஊர்களில் பொறியியலுக்குக் கட்டணம் கட்ட முடியாமல் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதமோ இயற்பியலோ படித்த எத்தனையோ பேரைக் கணினி வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது இந்த எம்.சி.ஏ.தான். நமக்காக யோசித்து யாரும் அதைத் தொடங்கவில்லை. தொழில்துறைக்கு ஆள் தேவைப்பட்டது, ஒரு பக்கக் கதவு திறந்தது, நம் ஆட்கள் நுழைந்தார்கள். மூன்று ஆண்டாக இருந்த அது 2020 முதல் இரண்டு ஆண்டாகிவிட்டது. ஒரு வருடச் செலவு மிச்சம். ஆனால் கணினி படிக்காமல் வருகிறவர்களுக்கு மூச்சுவிடக் கிடைத்த அந்த ஒரு வருடமும் போய்விட்டது.

தமிழ்நாட்டின் பங்கையும் சொல்ல வேண்டும். 1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்த தொழிற்கல்வி நுழைவுத் தேர்வு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. 2009இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. 2010 வாக்கில் முதல் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. இந்த மூன்றும் சேர்ந்துதான் சேரியிலிருந்தும் காலனியிலிருந்தும் ஒரு பெரிய கூட்டத்தை பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் வரை கொண்டுவந்தன. ஆனால் முதுநிலையின் வாசலில் நுழைவுத் தேர்வு அப்படியே நிற்கிறது. மாநில எம்.சி.ஏ.வுக்கு டான்செட், மாநில எம்.இ., எம்.டெக்.குக்கு 2023 முதல் சீட்டா, என்ஐடிகளின் எம்.சி.ஏ.வுக்கு நிம்செட், ஐஐடி, என்ஐடி எம்.டெக்.குக்கு கேட். ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம், தனித் தேதி. இதையெல்லாம் யார் சொல்லித் தருவது? அப்பா பொறியாளர், மாமா அமெரிக்காவில் என்று இருக்கிற வீட்டில் இது சாப்பாட்டு நேரப் பேச்சு. நம் வீட்டில் பத்தாம் வகுப்புக்கு மேல் என்ன என்பதே பிள்ளைகள் பெற்றோருக்குச் சொல்லித் தருகிற செய்தி.

அதனால் தெரியாமல் போகிற விஷயங்களில் ஒன்றிரண்டை இங்கே சொல்லிவிடுகிறோம். கேட் தேர்வை மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். மதிப்பெண் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். நமக்கு விண்ணப்பக் கட்டணத்தில் பாதிதான். தகுதி மதிப்பெண் பொதுப்பிரிவினருக்கு உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கு. 2024இல் கணினி அறிவியல் தாளுக்கு அது 100க்கு 18.4. எழுபது, எண்பது எடுத்தால்தான் கேட் என்று நினைத்துப் படிவத்தையே தொடாதவர்களை நாங்கள் நிறையப் பார்க்கிறோம். 18.4 எடுத்ததும் ஐஐடியில் இடம் கிடைத்துவிடாது, உண்மைதான். ஆனால் ஏஐசிடிஇ அங்கீகாரம் பெற்ற ஒரு கல்லூரியில் எம்.இ., எம்.டெக். சேர்ந்தால், கேட் தகுதியோடு வந்தவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கேட்க வழி உண்டு. தகுதி பெறாதவருக்கு அது இல்லை. 'வேலைக்குப் போய்க் குடும்பத்தைப் பாரு' என்கிற வீட்டில் இந்த 12,400 என்ன பேசும் என்பது உங்களுக்குத் தெரியும்.

தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றின் படிவத்திலும் சாதி கேட்கும் கட்டம் இருக்கும். அதைப் பார்த்து இட ஒதுக்கீடு உண்டு என்று நம்பிவிடாதீர்கள். 93ஆவது திருத்தம் வழியாக 15(5) பிரிவு வந்து இவ்வளவு காலமாகியும், தனியார் நிறுவனங்களுக்கு மத்திய அரசு அந்தச் சட்டத்தைப் போடவில்லை.

படிவத்தை நிரப்பியதோடு வேலை முடிவதில்லை. கட்டணம் கட்டும் கடைசி நிமிடத்திலும் இடம் பறிபோகும். 2024இல் நடந்ததை நினைவுபடுத்திக்கொள்வோம். உத்தரப்பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு தலித் மாணவர், தந்தை தினக்கூலி. ஐஐடி தன்பாத்தில் பி.டெக். மின்பொறியியல் இடம் கிடைத்தது. இடத்தை உறுதி செய்ய 17,500 ரூபாய் கட்ட வேண்டும். ஜூன் 24 மாலை 5 மணி கடைசி. கிராமத்தில் கேட்டு வாங்கிப் பணத்தைத் திரட்டியபோது மணி 4.45. இணையதளத்தில் ஏற்றி முடிப்பதற்குள் 5 ஆகிவிட்டது. இடம் போனது. பட்டியல் சாதியினர் ஆணையம், ஜார்க்கண்ட் சட்ட உதவி அமைப்பு, அந்த ஆண்டுத் தேர்வை நடத்தியது சென்னை ஐஐடி என்பதால் சென்னை உயர் நீதிமன்றம் என்று அலைந்து, கடைசியில் உச்ச நீதிமன்றம் போனார்கள். செப்டம்பர் 30 அன்று 142ஆவது பிரிவைப் பயன்படுத்தி, கூடுதலாக ஓர் இடம் உருவாக்கி அவரைச் சேர்க்கச் சொன்னது நீதிமன்றம். 2021இலும் இதே போல: ஐஐடி பம்பாயில் இடம் கிடைத்த இன்னொரு தலித் மாணவர், கட்டணம் கட்ட முடியாத சிக்கலில் இடத்தை இழந்து, உச்ச நீதிமன்றத்தின் வழியாகத்தான் திரும்பப் பெற்றார்.

இரண்டும் இளநிலை வழக்குகள்தான். ஆனால் முதுநிலையிலும் இதே ஏற்பாடுதான். ஐஐடிகளின் எம்.டெக். இடங்கள் ஒரு பொது இணையதளம் வழியாகச் சுற்று சுற்றாக வரும். ஏற்று முடித்துக்கொள்வது, வைத்துக்கொண்டு காத்திருப்பது, மறுத்துவிட்டுக் காத்திருப்பது என்று மூன்று வழி. எதைத் தேர்ந்தாலும் ஓரிரு நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்லாவிட்டால் இடம் போய்விடும். டில்லி வரை போய் வென்ற இரண்டு பேரை நமக்குத் தெரியும். போகாமலே ஊரில் வேறு வேலைக்குச் சேர்ந்தவர்களின் பெயர் எந்தத் தீர்ப்பிலும் இருக்காது.

சரி, சேர்ந்துவிட்டால்? அங்கேயும் விண்ணப்பம் நம்மை விடுவதில்லை. எந்தப் பட்டியல் வழியாக உள்ளே வந்தாய் என்பது ஒரு முத்திரை மாதிரி கூடவே வருகிறது. 2023 பிப்ரவரியில் ஐஐடி பம்பாயில் முதலாண்டு தலித் மாணவர் ஒருவர் இறந்தார். அதன் பிறகு அந்த நிறுவனம் வளாகத்தில் அறிவிப்பு ஒட்டியது: சக மாணவரிடம் ஜேஇஇ தரவரிசையையோ கேட் மதிப்பெண்ணையோ கேட்பது முறையல்ல என்று. ரேங்க் கேட்பது சாதி கேட்பதுதான் என்று ஒரு நிறுவனம் ஒப்புக்கொள்ள ஓர் உயிர் போக வேண்டியிருந்தது. 2020 ஜூனில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநில அரசு சிஸ்கோ நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டதும் இதே விஷயத்தில்தான். ஐஐடியில் படித்த ஒரு தலித் பொறியாளர் 'மெயின் லிஸ்ட்' வழியாக வந்தவர் அல்ல என்று அவருடைய மேலதிகாரி மற்றவர்களிடம் சொன்னார் என்பது அந்த வழக்கின் குற்றச்சாட்டு. இரண்டு மேலாளர்கள் மீதான வழக்கை 2023இல் மாநில அரசே திரும்பப் பெற்றது. நிறுவனத்தின் மீதான வழக்கு நீடித்தது. அது எப்படி முடிந்தாலும், நுழைவுப் பட்டியல் கடல் கடந்தும் ஒருவரைத் துரத்த முடியும் என்பதை உலகமே பேசியது அப்போதுதான்.

அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க நினைப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கட்டும். பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019 இறுதியிலும், கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பு 2022 தொடக்கத்திலும் பாகுபாட்டுக்கு எதிரான தங்கள் விதிகளில் சாதியைச் சேர்த்தன. அங்கே இருக்கும் நம் மாணவர்கள் போராடிக் கொண்டுவந்தது அது.

வெளிநாட்டு விண்ணப்பத்தில் நம்மை மிரட்டுவது இரண்டு: பரிந்துரைக் கடிதமும் எஸ்.ஓ.பி.யும். 'பத்து வயதில் அப்பா வாங்கித் தந்த கணினியைப் பிரித்துப் பார்த்தேன்' என்று தொடங்கும் எஸ்.ஓ.பி.யை எல்லாப் பயிற்சி நிலையங்களும் மாதிரியாகக் காட்டுகின்றன. கணினியை முதலில் கல்லூரி ஆய்வகத்தில்தான் தொட்டோம் என்றால் அதையே எழுதலாம். நான்கு ஆண்டில் அங்கிருந்து எவ்வளவு தூரம் வந்தோம் என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்று பேராசிரியரிடம் போய்க் கேட்பதைப் பிச்சை கேட்பதாக நினைத்துக் கூசுகிறவர்களும் உண்டு. அண்ணல் அம்பேத்கரும் அப்படிக் கடிதத்தோடு போனவர்தான். 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா சென்றார். 1916இல் லண்டன் பொருளாதாரப் பள்ளிக்குப் போனபோது, கொலம்பியா பேராசிரியர் எட்வின் செலிக்மன் அங்கிருந்த ஹெர்பர்ட் ஃபாக்ஸ்வெல்லுக்கு அவரைப் பற்றி எழுதினார். 1917இல் உதவித்தொகை நின்றது. படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பி, வேலை பார்த்து, பணம் சேர்த்து, 1920இல் மறுபடியும் லண்டன் போனார். உதவித்தொகை நின்றதால் நின்றுபோன படிப்பு என்பது நம் வரலாற்றில் அண்ணலிலிருந்தே இருக்கிறது.

அது இன்றும் நிற்கவில்லை. 1954–55இல் தொடங்கிய தேசிய வெளிநாட்டு உதவித்தொகைக்கு நாடு முழுமைக்கும் 125 இடங்கள். 2022இல் இந்தியச் சமூகம், பண்பாடு, வரலாறு பற்றிய ஆய்வுகளுக்கு அது கிடையாது என்று விதியை மாற்றினார்கள். கணினி அறிவியல் மாணவர்கள் 'நமக்குப் பிரச்சினை இல்லை' என்று இருந்துவிட முடியவில்லை. 2025இல் 106 பேரைத் தேர்வு செய்துவிட்டு, 40 பேருக்கு மட்டும் முதலில் கடிதம் கொடுத்தது அமைச்சகம். மற்றவர்களுக்கு நிதி இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். கையில் பல்கலைக்கழக அனுமதி, தேர்வுப் பட்டியலில் பெயர், ஆனால் விமானம் ஏற முடியாது. இதைப் பற்றி எழுதியதும் கேள்வி கேட்டதும் பெரும்பாலும் நம் ஆட்கள்தான்.

கடைசியாக, படிவத்தில் வருகிற அந்தக் கட்டம். சாதிப் பிரிவு என்ன என்று கேட்கிற இடத்தில் 'பொது' என்று போட்டுவிட்டு வருகிற தம்பிகள் இருக்கிறார்கள். 'எனக்கு மார்க் இருக்கு, கோட்டான்னு யாரும் சொல்லக் கூடாது' என்கிறார்கள். மேலே சொன்ன முத்திரைக்கு அஞ்சித்தான் இது, புரிகிறது. ஆனால் விதி அப்படி இல்லை. பட்டியல் சாதி என்று குறிப்பிட்டவர் பொதுப் பட்டியலுக்கான மதிப்பெண்ணை எடுத்திருந்தால் அவருக்குப் பொது இடம்தான் தர வேண்டும். நமக்கான 15 விழுக்காட்டில் அதைக் கழிக்கக் கூடாது. மண்டல் வழக்கில் 1992லேயே உச்ச நீதிமன்றம் இந்தக் கணக்கைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. 'பொது' என்று போட்டு மதிப்பெண் அரை விழுக்காடு குறைந்தால் நீங்களும் வெளியே. உங்கள் பெயரில் வந்திருக்க வேண்டிய இடமும் அந்தச் சுற்றில் உங்களுக்கு இல்லை. பாதிக் கட்டணச் சலுகையும் போச்சு.

கிறித்தவத்துக்கு மாறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை இன்னும் வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது. அது நீங்கும் வரை மத்திய நிறுவனங்களில் உங்களுக்கான கட்டம் ஓபிசி. மாநிலச் சான்றிதழ் அங்கே செல்லாது. மத்திய அரசு வடிவத்தில், வசதிபடைத்த பிரிவில் வரவில்லை என்ற சான்றோடு, அந்த நிதியாண்டில் வாங்கியதாக இருக்க வேண்டும். பழங்குடி மாணவர்களுக்கு வட்டாட்சியர் கையெழுத்து போதாது, வருவாய்க் கோட்டாட்சியர் தர வேண்டும். காட்டுநாயக்கன், மலைக்குறவன் குடும்பங்கள் ஒரு சான்றிதழுக்கு எத்தனை ஆண்டு நடக்கின்றன என்பது நமக்குத் தெரியும். தேர்வு அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்காமல், மூன்றாம் ஆண்டு தொடங்கும்போதே மனுவைக் கொடுத்து ஒப்புகைச் சீட்டை வாங்கி வையுங்கள். இழுத்தடித்தால் அந்தச் சீட்டின் தேதியை வைத்துத்தான் மேல்முறையீடு எழுத முடியும். எழுத நாங்கள் உதவுகிறோம்.